மீண்டும்: மேக்னட்டார் ஃப்ளேர்: வெடிப்பா, சீற்றமா?

அன்புடையீர்,

மேனிலை வகுப்பு மாணவர்க்கான வானியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழாக்க வேண்டிய சொற்களில் 'மேக்னட்டார் ஜயன்ட் ஃப்ளேர்' ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. பெருவிண்மீன் குலைந்தபின் எஞ்சும் மிக அடர்ந்த நியூட்ரான் விண்மீன்களில், காந்தப்புலம் மிக வலிமையானதே மேக்னட்டார்; அது திடீரெனப் பேரளவில் காமாக்கதிர் உமிழ்வதே ஜயன்ட் ஃப்ளேர். 'காந்தமீன் வெடிப்பு' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. காமாக்கதிர் வெடிப்பு என்று நாம் முன்பே வழங்கும் நிகழ்வில், பெருவிண்மீன் ஒன்று குலைந்தோ, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்தோ, பழைய உரு அழிந்துபோகிறது. இங்கே அப்படி எதுவும் அழிவதில்லை. 1979 மார்ச் 5 அன்று நம் அண்டை விண்மீன்திரளான பெரிய மெகல்லன் முகிலின் திசையிலிருந்து வந்த காமாக்கதிர் வீச்சை வெனீரா 11, 12 விண்கலங்கள் பதிவுசெய்தன. முதல் வீச்சு ஒரு நொடிக்குள் அடங்கிய பின்பும், எட்டு நொடிக்கு ஒருமுறை ஏறியிறங்கும் மெல்லிய வால் சில நிமிடங்கள் நீடித்தது. தன்னைத்தானே சுற்றும் பொருள் ஒன்று அங்கே முழுதாக இருப்பதற்கு அதுவே சான்று. மறுநாளும் அதே மூலம் சிறிதாக ஒருமுறை உமிழ்ந்தது. செத்தவர் மறுநாள் இருமுவதில்லை.

எனவே 'பெருஞ்சீற்றம்' என முன்மொழிகிறேன். எரிமலைச் சீற்றம் மாணவர் அறிந்த வழக்கு. சீறியது அடங்கும், மறுபடியும் சீறும்.

—

ஐயா,

சீற்றம் இருக்கட்டும், எனக்கு உறுத்துவது 'காந்தம்'. அதை வடசொல் என்று தள்ளுவோரும் உளர். ஆனால் 'காந்து' என்னும் நம் வினைக்கு எரிதல், அழலுதல் என்பன பொருள். காந்தலையும் காந்தளையும் நினைந்து பார்க்க. புறநானூறு கோளையே 'மைம்மீன்' என்றிருக்க, நாம் 'காந்துமீன்' எனத் துணியலாகாதா? வினைத்தொகையாதலால் காந்திய, காந்துகின்ற, காந்தும் என முக்காலமும் அதில் அடங்கும். திரும்பத் திரும்பச் சீறும் விண்மீனுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடையாது.

—

அம்மா,

வினைத்தொகை அழகுதான்; ஆனால் என் மாணவர்க்குக் காந்துவது வயிறு மட்டுமே. மேலும், 1992இல் வானியற்பியலாளர் டங்கனும் தாம்சனும் 'மேக்னட்டார்' என்ற பெயரை வைத்ததே ஆற்றலின் ஊற்று காந்தப்புலம் என்பதால். காந்தப்புலத்தை அளக்கும் அலகான காஸில், புவியின் புலம் அரை காஸ் அளவினது. இவற்றினுடையதோ கோடி கோடி காஸுக்கும் மேல். அப்புலம் முறுக்கேறி விண்மீனின் மேலோட்டைப் பிளக்கும்போதுதான் வீச்சு பிறக்கிறது என்பது பரவலான விளக்கம். காந்தத்தை விட்டால் காரணமே போய்விடும்.

சீற்றத்திலும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. 2004 டிசம்பர் 27 அன்று எஸ்ஜிஆர் 1806-20 என்னும் மேக்னட்டாரிலிருந்து வந்த வீச்சு, சூரியன் ஏறத்தாழ 2.5 லட்சம் ஆண்டுகளில் உமிழும் ஆற்றலை நொடியின் ஐந்திலொரு பங்கு நேரத்தில் கொட்டியது. நம் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலமும் அதில் அதிர்ந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ஆழிப்பேரலை. கடற்சீற்றம் என்ற சொல்லோடு வளர்ந்த கடலூர்ப் பிள்ளைகள் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். கடல் பொங்கியபோது இக்கதிர் இங்கு வந்து சேரவே இல்லை என்று விளக்க எனக்கு அரைமணி ஆகும். 'பெருங்கிளர்வு' என்றால் அத்தொல்லை இராது.

—

அன்புடையீர்,

'கிளர்வு' என்ற சொல்லைச் சூரியனின் ஃப்ளேருக்கு முன்பே கொடுத்துவிட்டோம். மறுப்பு வந்தும் பெரும்பாலோர் சீற்றத்தின் பக்கம் சாய்ந்திருப்பதால் 'காந்தமீன் பெருஞ்சீற்றம்' அச்சுக்குப் போகிறது. 2004 பற்றி ஓர் அடிக்குறிப்பும் சேர்க்கிறேன்.

—

ஐயா,

காந்துமீனுக்கான என் வாக்கைத் திரும்பப் பெறவில்லை. அது நிற்க, ஆற்றல் குறைந்த காமாக்கதிரைத் திரும்பத் திரும்ப உமிழும் மேக்னட்டாரைக் குறிக்கும் 'சாஃப்ட் காமா ரிப்பீட்டர்' (எஸ்ஜிஆர்) ஏழாம் பக்கத்தில் அப்படியே கிடக்கிறதே, அதை என்ன செய்வதாக எண்ணம்? 'மென்காமா மீள்சீறி' என்றா?