அம்மா ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி: காவிரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். திருவையாற்றுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்த என் அம்மாவுக்கு 74 வயது ஆகிறது. அப்பா காலமான பிறகு, இரண்டு ஆண்டுகளாகக் கோவையில் எங்களோடு இருக்கிறார். ஊரைவிட்டு வரும்போது அவர் தாமே கேட்டு எடுத்துக்கொண்ட பொருள்கள் இரண்டுதான்: கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று, அப்பா பாட்டுப் பதிந்து வைத்திருந்த கேசட்டுகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று.

ஊரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளிக்கும்போதே திண்ணையில் ரேடியோ பாடத் தொடங்கிவிடும். 1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம்தான் அவருக்குக் கடிகாரம். எந்த நிகழ்ச்சி முடிந்தால் உலை வைக்க வேண்டும், எது தொடங்கினால் நாங்கள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்தே நடந்தது. இங்கோ இரண்டு படுக்கையறை கொண்ட குடியிருப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மகன் பிளஸ் டூ படிக்கிறான். என் மனைவி பள்ளி ஆசிரியை என்பதால் மாலையில் விடைத்தாள்களோடு உட்கார்ந்துவிடுவாள். ஒலியைக் குறைக்கும்படி அம்மாவிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அது மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

சென்ற வியாழக்கிழமை இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவரது அறைக்கதவு பாதி திறந்திருந்தது. விளக்கை அணைத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தபடி, ரேடியோவை இடது காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சத்தம் வெளியில கேக்குதாப்பா?" என்று கேட்டு உடனே அணைத்துவிட்டார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, மடித்துப் பழையபடி பெட்டியிலேயே வைத்துவிட்டார். அவருடைய பாட்டை இந்த வீட்டுக்குள் எப்படித் திரும்பக் கொண்டுவருவது? இத்தகைய நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காரைக்குடி மருமகள்

ஹெட்ஃபோனை உங்கள் அம்மா ஒதுக்கியதில் எனக்கு வியப்பில்லை. என் மாமியாரும் அப்படித்தான் செய்தார்கள். பாட்டை மட்டும் தனியாக உட்கார்ந்து கேட்கும் வழக்கம் அவர்களுக்கு இருந்ததே இல்லை. கை வேலையில் இருக்க, காது பாட்டில் இருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் குக்கர் விசிலும் கேட்காது, கீரைக்காரர் குரலும் கேட்காது, பேரப்பிள்ளை "ஆத்தா" என்று கூப்பிடுவதும் கேட்காது. அதனால்தான் அது அவர்களுக்கு ஒட்டவில்லை.

"நீங்க படிங்க, நான் அப்பறம் கேட்டுக்கிறேன்" என்றே எங்கள் மாமியார் எப்போதும் சொல்வார்கள். அந்த "அப்பறம்" ஏழு மாதங்களாக வரவே இல்லை என்பதை ஒரு நாள் எண்ணிப் பார்த்துத்தான் உணர்ந்தேன். அன்றே ரேடியோவைச் சமையலறை மேடைக்கு மாற்றினேன். காலை ஐந்தரை முதல் ஏழு வரை அது பாடும் என்றும், அந்த நேரத்தில் படிப்பவர்கள் கூடத்துக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். கேட்கலாமா என்று மாமியாரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் எழுந்ததும் நானே அதைப் போட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

கோவையில் திருச்சி நிலையம் தெளிவாகக் கிடைக்காவிட்டால், பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியைக் கைபேசியில் இறக்கி, ஒரு சிறிய ஸ்பீக்கரோடு இணைத்துவிடுங்கள். பழகிய நிலையம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

பதில்: செவிப்பணியாளர்

செவித்திறன் பரிசோதனைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் பதிவில் "இடது காதோடு" என்ற ஒரு சொல்லில் என் கவனம் நின்றுவிட்டது. மற்றவர்களுக்குத் தொந்தரவாகுமே என்ற எண்ணம் அவருக்கு இருக்கலாம். அதோடு, வலது காதில் சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். எப்போதும் ஒரே பக்கம்தான் வைத்துக் கேட்கிறாரா, தொலைபேசியையும் அதே காதில்தான் வைக்கிறாரா என்று சில நாள் கவனியுங்கள்.

வயதாகும்போது பெரும்பாலும் உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறையும். உயிரெழுத்துகளின் வலு தாழ்ந்த சுருதி ஒலிகளில் இருப்பதால் அவை கேட்டுவிடும். ஆனால் க, ச, த, ப போன்ற வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் நழுவிவிடும். மெட்டு முழுவதும் கேட்கும், "கண்" என்றாரா "பண்" என்றாரா என்பது மட்டும் தெரியாது. பாட்டின் சொற்களை நேசிக்கிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. தங்களுக்குக் காது கேட்கவில்லை என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். "இப்ப பாட்டே புரியல" என்றுதான் சொல்வார்கள்.

முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில சமயம் காதுக்குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். இரண்டு காதுகளுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் மருத்துவர் அதன் காரணத்தை அவசியம் பார்க்க வேண்டும். அதன் பிறகு 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கொண்டு செவித்திறனை அளப்பார்கள். செவித்துணைக் கருவி தேவைப்பட்டால், பாட்டுக் கேட்பதற்கென்று தனி அமைப்பு வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள். பேச்சைத் தெளிவாக்குவதற்கென்றே அமைக்கப்பட்ட கருவி, புல்லாங்குழலின் நீண்ட கார்வையைச் சில நேரம் இரைச்சலாகவே எடுத்துக்கொண்டு அடக்கப் பார்க்கும்.

பதில்: தஞ்சை நாடாப்பதிவர்

அந்த அட்டைப்பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எண்பதுகளில் தஞ்சாவூரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தவன் நான். மக்கள் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுகள் அடங்கும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதற்காகவே மூன்று முறை வந்து பட்டியலைத் திருத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேசட்டை எடுத்ததும் ஓடவிட்டுவிடாதீர்கள். நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பகுதி வழியே பாருங்கள். இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் அது பிளேயருக்கும் மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய கம்பளித் திண்டு விழுந்துவிட்டதா என்றும் பாருங்கள். பிளேயரில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, அதன் பின்னர் போடுங்கள். கணினியில் ஏற்றும்போது பக்கத்துக்கு ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பாட்டாக வெட்டிவிடாதீர்கள். அந்த வரிசை உங்கள் அப்பா அமைத்தது.

கேள்வி கேட்டவர்: காவிரிக்கரையான் (மூன்று வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவின் வலது காதில் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகும் அந்தக் காதில் ஓரளவு குறைபாடு இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. மருத்துவர் அதற்கான காரணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரேடியோ இப்போது சமையலறை மேடையில் இருக்கிறது. முதல் இரண்டு நாளும் நான் போட்டால் அம்மா வந்து குறைப்பார். மூன்றாம் நாள் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நண்பரிடம் இரவல் வாங்கிய பிளேயரில் அப்பாவின் கேசட் ஒன்றைப் போட்டோம். அட்டையில் நீல மையில் அப்பா எழுதிய பட்டியலை மகன் எழுத்துக்கூட்டிப் படித்தான். நான்காவது பாட்டு தொடங்கியதும் அம்மா எழுந்தார். "இது உங்க அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு. எனக்குப் பிடிக்காது" என்றார். அணைத்துவிடட்டுமா என்று மகன் கேட்டதற்கு, "வேண்டாம், ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். ஐந்தாவது பாட்டின் முதல் வீணையொலி கேட்டதும், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.