புதுப்பிப்பு: சுழியோடும் தம்பியின் சிவந்த கண்

பாசிக்குடாவில் அடிக்கடி சுழியோடும் என் தம்பியின் வெள்ளைவிழியில் இரத்தம் கட்டியிருப்பதைச் சொல்லி, பார்வை கெடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பார்வைக்குப் பாதிப்பில்லை, இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே கரைந்துவிடும் என்று கண் வைத்தியர் சொன்னது பெரிய ஆறுதல்.

10 மீற்றர் ஆழத்திலேயே அழுத்தம் கரையில் உள்ளதைப் போல இரு மடங்காகிவிடுவதால், முகமூடிக்குள் இருக்கும் காற்றுச் சுருங்கி, கண்ணையும் இமையையும் வெளியே இழுக்க, வெள்ளைவிழியை மூடிய மென்படலத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெடித்துவிடுகின்றன. 1942இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற போர்க்கப்பல் கிடக்கும் ஆழத்தில் அந்த அழுத்தம் ஆறு மடங்குக்கும் மேல். இறங்க இறங்க மூக்கால் மெதுவாகக் காற்றை முகமூடிக்குள் விட்டுக்கொண்டே போவதுதான் வழி. மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியில் அதற்கு இடமே இல்லை.

கரையேறிய பின் பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ அது வேறு விடயம். தயவுசெய்து விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.