புதுப்பிப்பு: கம்ப்யூட்டர் இரைச்சல் அடங்கியது (ஷீட், ஃபோம், ரப்பர் வாஷர்)

காரைக்குடி வீட்டில் கம்ப்யூட்டர் 'உர்ர்' என்று இரைகிறது, கேஸுக்குள் என்ன ஒட்டலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கார் கதவுக்குள் ஒட்டுகிற பியூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற தாள்) கேஸின் பக்கத் தகடுகளில் ஒட்டினேன். தகடு அதிர்வது நின்றது, ஆனால் உறுமல் அப்படியே இருந்தது. அதைத் தீர்த்தது ஹார்ட் டிஸ்க்கை ரப்பர் வாஷர் வைத்து மாட்டச் சொன்னவரின் யோசனைதான். 7200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு திருகு வழியாக இரும்புச் சட்டத்துக்குள் இறங்கிவிடுகிறது. கேஸுக்குள் ஒட்டிய மெல்லிய ஃபோமுக்கு அதை உறிஞ்சத் தெம்பில்லை. ஃபேனின் கீச்சொலியை மட்டும் கொஞ்சம் குறைத்தது. காற்று ஓட்டைகளை மூடாமல் ஒட்டியதால் சூடு ஏறவில்லை.

எதிர்பாராதது அறைதான். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை: சத்தம் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. கேஸுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, பின்சுவரில் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். ஃபோமைவிட இது நன்றாகவே பலன் தந்தது. ("சுவத்துல ஏன்டா சமுக்காளம் காயப் போட்டிருக்க?" என்கிறார் அப்பத்தா.)

ஷீட் வாங்குபவர்கள் தகடு முழுவதையும் மூட வேண்டாம், நடுப்பகுதிக்கு ஒட்டினாலே போதும். ஒட்டுமுன் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள்.