மறு: ‘லேண்ட்ரேஸ்’ தமிழில் எப்படி? ஆண்டீஸ் செடிகளை வைத்து ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டுக் கஞ்சா, கோக்கா (இலையை மெல்லும் செடி), வச்சுமா (ஒரு கள்ளி) பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அக்கா தொடங்கிய இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். லேண்ட்ரேஸ் (landrace) என்றால் ஓர் இடத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அந்த இடத்துக்கே பழகிப்போன பயிர். அதற்கு இதுவரை வந்த சொற்கள்: நாட்டு ரகம், பாரம்பரிய ரகம், நிலவினம், மண்வழி, பழகினம். லேண்ட்ரேஸ் என்றே விட்டுவிடலாம் என்று இருவர். எனக்கு இவற்றில் எதுவும் நிறைவாகப் படவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

> நாட்டு ரகம் என்று ஊரே சொல்கிறது. புதுச்சொல் எதற்கு?

உழவர் வாயில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு இன்னொன்றைச் செய்ய எனக்கும் மனசில்லை. ஆனால் அக்காவின் கட்டுரைத் தலைப்பையே பாருங்கள். ஒரு பக்கம் லேண்ட்ரேஸ் கஞ்சா, மறுபக்கம் அந்த மண்ணிலேயே பிறந்த செடிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதே அவை வேறுவேறு என்பதால்தான்.

கஞ்சாவின் தாயகம் ஆசியா. பாமீர் மலையில் சுமார் 2,500 ஆண்டுப் பழைய கல்லறைகளில் மரத் தூபக்கிண்ணங்கள் கிடைத்தன. சுட்ட கற்களை உள்ளே போட்டு அதன்மேல் கஞ்சாவைப் புகைய விட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அமெரிக்கக் கண்டத்துக்குச் செடி போனது ஸ்பானியரின் கப்பலில். கயிற்றுக்கும் பாய்த்துணிக்கும் நார் வேண்டும் என்று 1545இல் சிலியில் விதைத்தார்கள். போதைக்கான கஞ்சா கொலம்பியாவில் ஊன்றியது அதற்கு வெகுகாலம் பின்னால். 1970களில் ‘சாந்தா மார்த்தா பொன்’, ‘புந்தோ ரோஹோ’ (செம்புள்ளி) என்ற பெயர்கள் வட அமெரிக்கா வரை பரவின. (சாந்தா மார்த்தாவின் பனிமலை கரீபியன் கடலோரத்தில் தனியாக நிற்கும் மலை, ஆண்டீஸ் தொடரோடு சேராதது. கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள் அக்கா.)

இவற்றை லேண்ட்ரேஸ் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். சரி, ‘கொலம்பியாவின் நாட்டுக் கஞ்சா’ என்று தமிழில் எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? அங்கேயே பிறந்தது என்றுதான். அடுத்த பத்தியில் கோக்காவையும் ‘நாட்டுச் செடி’ என்போம். ஒன்று பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தது, மற்றது அங்கேயே காட்டுச்செடியிலிருந்து உருவானது. பெருவின் நான்சோக் பள்ளத்தாக்கில் சுமார் 8,000 ஆண்டுக்கு முன்பே கோக்கா இலையைச் சுண்ணாம்போடு மென்றிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் தமிழ் வாசகர் இழந்துவிடுவார்.

1998இல் செவன் என்ற டச்சு ஆய்வாளர் இந்தச் சொல்லின் வரையறைகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, அந்த இடத்திலேயே உருவான லேண்ட்ரேஸ், வெளியிலிருந்து வந்து நிலைத்த லேண்ட்ரேஸ் என்று பிரித்தார். ‘நாட்டு ரகம்’ என்று வைத்துக்கொண்டால் இரண்டாவதை ‘வெளியிலிருந்து வந்த நாட்டு ரகம்’ என்றுதான் எழுத வேண்டிவரும். நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. இராமநாதபுரம் முண்டு மிளகாயை நாட்டு மிளகாய் என்கிறோம். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி.

ஆக, ஒரு பயிர் எங்கே பிறந்தது என்பதை லேண்ட்ரேஸ் சொல்வதில்லை. ஓர் இடமும் அங்கே இருக்கும் மக்களும் தலைமுறை தலைமுறையாக அதை என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. நம் சொல்லும் அதைச் சொல்ல வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கஞ்சா குறும்பகல் செடி, இரவு நீளும்போது பூக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அங்கே பல தலைமுறை விதைத்து எடுத்த கஞ்சா, அந்தப் பகலுக்கு உடனே பூத்துவிடாமல் நெடுநாள் வளர்ந்து, உயர்ந்து, ஒல்லி இலையோடு மெதுவாகப் பூக்கும். அதே விதையை வடக்கே கொண்டுபோனால் பூ முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். இப்போது தென்கொலம்பியாவில் கவுகா மாநிலத்துத் தொரிபியோ பக்கம் இரவில் பார்த்தால் மலைச்சரிவே மின்விளக்காக எரிகிறது. அங்கே இன்று பயிராவது பெரும்பாலும் வெளியே உருவாக்கிய கலப்பினம். 12 மணிப் பகலில் விட்டால் செடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும் என்பதால் இரவு முழுக்க விளக்குப் போட்டு அதை வளரவைக்கிறார்கள். பழைய விதை தன் உடம்பிலேயே வைத்திருந்த பழக்கத்தை இன்று பல்பும் மின்கம்பியும் செய்கின்றன. கஞ்சாவின் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் போகும். அதனால் பக்கத்துத் தோட்டத்துக் கலப்பினமே பழைய விதையைக் கரைத்துவிடும். பெயர் இருக்கும், உள்ளே இருப்பது வேறாகிவிடும். எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். காப்பாற்ற வேண்டியது இன்னதென்று தெளிவாகச் சொல்ல ஒரு சொல் இருந்தாக வேண்டும்.

> ‘ரகம்’ போதுமே. பாரம்பரிய ரகம் என்றால் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. கோ 51, ஆடுதுறை 36 என்று நெல்லில் வெளியிடுகிறார்களே, அது ரகம். ஒரு வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே முதிர்ச்சி. லேண்ட்ரேஸ் என்பது ஒரே சாயலுள்ள, ஆனால் ஒன்றுபோல் இல்லாத செடிகளின் கூட்டம். ஒரு பருவம் மழை பொய்த்தால் சில செடிகள் சாகும், சில நிற்கும், நின்றதிலிருந்து விதை எடுப்பார்கள். அந்த வேறுபாடுதான் அதன் பலம். இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. கொலம்பியா 2016இல் மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு வந்த ஆணை, ஏற்கெனவே நாட்டில் இருந்த விதைகளை 2018 டிசம்பர் 31க்குள் பதிவுசெய்ய வழி விட்டது. அதற்குப் பிறகு பதிவான ரகங்களின் விதைதான் செல்லும் என்பது அப்போதைய விதி. பதிவு என்றால் பொதுவாகக் கேட்பது தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை. சீராக இல்லாததே இயல்பான ஒன்றை ‘ரகம்’ என்ற சட்டத்துக்குள் எப்படி அடக்குவது? நம் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்திலும் ‘உழவர் ரகம்’ என்பதன் வரையறைக்குள் லேண்ட்ரேஸ் தனியாகக் குறிப்பிடப்படுகிறது. அங்கேயும் ரகம் என்று பெயர்த்தால் வட்டமடிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலவினம்: நேர்ப்பெயர்ப்பு, சேர்த்து எழுதினால் நிலவின் இனம் என்று படிக்கிறோம். மண்வழி: அழகான சொல், எனக்கு ஆசைதான். ஆனால் வேளாண் துறையில் ‘மண்வழிப் பரவும் நோய்’ என்று ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. பழகினம்: ‘இந்த மண்ணுக்குப் பழகின விதை’ என்று உழவர் சொல்வதிலிருந்து எடுத்தது நல்ல யோசனை, ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னபடி அவர்கள் பேச்சில் ‘அவையள் பழகினம்’ என்றால் வினைமுற்று. லேண்ட்ரேஸ் என்றே வைக்கலாம் என்பவர்களுக்கு: கால்நடை நூல்களில் அந்தப் பெயர் வெள்ளைப் பன்றி இனத்துக்குப் போய்விட்டது.

என் முன்மொழிவு ஊர்வழி.

தாய்வழி, தந்தைவழி என்பது போலத்தான். தாய்வழிச் சொத்து என்றால் தாயின் மூலம் கைமாறி வந்தது. ஊர்வழி விதை என்றால் ஓர் ஊரின் மூலம் கைமாறி வந்தது. ‘ஊர்’ என்பதில் இடமும் இருக்கிறது, மக்களும் இருக்கிறார்கள். மண் என்றால் மக்கள் விடுபடுவார்கள், உழவர் என்றால் இடம் விடுபடும். பெயராகவும் வரும், அடையாகவும் வரும்: ஊர்வழிக் கஞ்சா, ஊர்வழி நெல், ஊர்வழிகள். பிறந்த இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் தாயக ஊர்வழி, குடியேறிய ஊர்வழி என்று அடை சேர்க்கலாம், முரண் வராது. (வந்தேறி என்ற சொல் இங்கே வேண்டாம். அது வசைச்சொல்லாகிவிட்டது.) ‘ஊருக்குப் போகும் வழி’ என்று யாராவது படிப்பார்களா என்றால், செடி விதை பற்றிய வாக்கியத்தில் அந்தக் குழப்பம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவின் கட்டுரையிலிருந்தே சோதித்துப் பார்த்தேன்:

“புந்தோ ரோஹோ கொலம்பியாவின் குடியேறிய ஊர்வழிக் கஞ்சா.”
“கோக்கா ஆண்டீஸின் தாயக ஊர்வழி.”
“கலப்பினம் வந்தபின் ஊர்வழிகள் கரைந்தன.”

எனக்குத் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

அடுத்த சிக்கல் யாரும் எழுப்பவில்லை, ஆனால் கட்டுரையின் இரண்டாம் பாதியில் கண்டிப்பாக வரும். இந்தச் செடிகளில் பல விதையால் பரவுவதே இல்லை. கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், கமென்ட்சா, இங்கா மக்களின் வீட்டுத் தோட்டங்களில் புருக்மான்சியா வளர்க்கிறார்கள். நம் ஊமத்தையின் உறவு, மரமாக வளரும், பூ தலைகீழாகத் தொங்கும். கொடிய நஞ்சு. கொடைக்கானல், ஊட்டியில் அழகுக்கு வைத்திருக்கிறோமே, அதுதான். அங்கே மருத்துவர்கள் இலையின் வடிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ‘குலேப்ரா’ (பாம்பு) எனப்படுவதன் இலை நாடாப்போல ஒல்லியாகவும் பூ ஆழமாகக் கிழிந்தும் இருக்கும். அமெரிக்கத் தாவரவியலார் ரிச்சர்டு எவான்ஸ் ஷூல்ட்ஸ் 1955இல் அதைப் புதிய பேரினம் என்றே விவரித்தார். பிற்பாடுதான் அது புருக்மான்சியா ஆரியாவின் ஒரு திரிபு என்று தெரிந்தது. ஒரு கிளையை வெட்டி நட்டு, அதிலிருந்து இன்னொன்றை வெட்டி நட்டு, மக்கள் கையாலேயே அது வாழ்ந்திருக்கிறது. புருக்மான்சியாவின் எல்லா இனங்களையும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் ‘காட்டில் அற்றுப்போனவை’ என்று பட்டியலிட்டிருக்கிறது. அந்த வீட்டுத் தோட்டங்கள் போனால் செடியும் போகும்.

இதற்கு போத்துவழி என்று வைக்கலாம். முருங்கைப் போத்து நடுகிறோம் அல்லவா, அந்தப் போத்து. எதிர்ச்சொல் விதைவழி. இரண்டும் ஊர்வழிக்குள் அடங்கும். சில தாவரவியலார் விதையால் வருவதை மட்டுமே லேண்ட்ரேஸ் என்கிறார்கள், ஆனால் ஆண்டீஸில் அது ஒத்துவராது. உருளைக்கிழங்கையே கிழங்கு வைத்துத்தான் நடுகிறார்கள். ஒரே வயலில் பல வகைகளைக் கலந்து நடும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. உரிக்கவே முடியாத மேடுபள்ளமான ஒரு கிழங்குக்குக் கெச்சுவா மொழியில் ‘மருமகளை அழவைப்பது’ என்று பெயர். இத்தனை பெயரும் அறிவும் கொண்ட ஒன்றை ஊர்வழி இல்லை என்று எப்படிச் சொல்வது?

கோக்காவில் இந்தப் பிரிவு இன்னும் தெளிவு. மலையின் கிழக்குச் சரிவில் அதை விதையால் வளர்க்கிறார்கள். அதே இனத்தின் அமேசான் வகையான இப்பாதுவைத் தண்டு வெட்டி நடுகிறார்கள். ஒரே இனம், மலையில் விதைவழி, காட்டில் போத்துவழி. வடபெருவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் வாய்க்கால் பாசனத்தில் வளர்வது வேறோர் இனத்தைச் சேர்ந்த துருஹியோ கோக்கா.

> தலைப்பில் ‘போதைத் தாவரங்கள்’ என்று போடலாமா?

வேண்டாம் அக்கா. கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது பசிக்கும் களைப்புக்கும் உயரத்தின் தலைவலிக்கும். 1961 பன்னாட்டுப் போதைப்பொருள் ஒப்பந்தம் அதை 25 ஆண்டில் ஒழிக்கச் சொன்னது. பொலிவியா அந்த ஒப்பந்தத்திலிருந்தே வெளியேறி, 2013இல் இலை மெல்லும் உரிமையை விலக்காக வைத்துத் திரும்பச் சேர்ந்தது. வச்சுமா எனப்படும் சான் பெத்ரோ கள்ளியின் மரபுப் பயன்பாட்டைப் பெரு 2022இல் நாட்டின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அந்த மக்கள் இத்தனை போராடி நீக்கிய முத்திரையை நாம் தமிழில் திரும்பக் குத்தக் கூடாது. பொதுச்சொல்லாக உளமியக்கி (மனநிலையை மாற்றுவது, psychoactive) என்று வையுங்கள்: உளமியக்கித் தாவரங்கள். புருக்மான்சியாவுக்கு ஸ்பானியப் பெயரே ‘பொர்ராச்செரோ’, குடிவெறி என்ற பொருளில் வருவது. அந்த இடத்தில் போதை என்று எழுதினால் தகும்.

ஒன்றில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். வச்சுமாக் கள்ளியையும் வெட்டித்தான் நடுகிறார்கள். வேலியாகவும் வைக்கிறார்கள். தண்டின் விலாக்களை எண்ணி, நான்கு விலா உள்ளதை அபூர்வம் என்று மருத்துவர்கள் தனியே போற்றுகிறார்கள். அந்தச் சதைப்பற்றான துண்டைப் போத்து என்பது காதுக்குச் சரியாக இருக்கிறதா, இல்லை கரும்பு, மரவள்ளிக்குச் சொல்வது போலக் கரணை என்பது பொருந்துமா? கள்ளி வேலி நட்டுப் பழகியவர்கள், குறிப்பாக இராமநாதபுரம், கரூர்ப் பக்கத்து நண்பர்கள், உங்கள் ஊரில் அந்தத் துண்டுக்கு என்ன பெயர் என்று எழுதுங்கள். அதன்படியே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.