சித்தப்பாவின் கை: ஒரு குடும்பக் குழு

[காலை 8:12]
அத்தை: (குரல் பதிவு, பலமுறை பகிரப்பட்டது)
அத்தை: முரளி, இதைக் கேள். தைத்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் நரம்பு வேகமாக வளருமாம். போன வருஷம் எனக்கும் மணிக்கட்டில் போட்டார்களே, ஒரே வாரத்தில் மரத்துப்போனது சரியாகிவிட்டது.

சித்தப்பா: கண்ணாடி அறுத்த நரம்பைத் தைத்து ஏழு வாரம் ஆகிறது அக்கா. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் வேறு யாருடையதோ மாதிரித்தான் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் என்ன?

சித்தி: கவிதா பார்க்கட்டும். அதுவரை எந்த ஊசியும் வேண்டாம்.

கார்த்தி: அக்கா டியூட்டியில் இருக்கிறாள்.

பெரியப்பா: எனக்கு முகம் கோணிப்போனபோது ஸ்டீராய்டுதானே கொடுத்தார்கள்? அதுவும் நரம்புதானே?

[மதியம் 12:40]
கவிதா: இப்போதுதான் பார்த்தேன். அத்தை, உங்கள் நரம்பு அறுபடவில்லை. மணிக்கட்டில் இடுக்கான பாதையில் நசுங்கியிருந்தது. ஊசி சுற்றியிருந்த வீக்கத்தைக் குறைத்தது, நரம்புக்கு இடம் கிடைத்தது. பெரியப்பாவுக்கும் ஏறக்குறைய அதே கதை, எலும்புப் பாதைக்குள் வீங்கிய நரம்பு. அதனால்தான் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினார்கள். சித்தப்பாவுக்குக் கண்ணாடி நரம்பையே அறுத்துவிட்டது.

கவிதா: தைத்துவிட்டால் பழைய இழை ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். ஒட்டாது. வெட்டுக்குக் கீழே விரல்நுனி வரை அது அழிந்துவிடும். 1850-லேயே வாலர் என்பவர் தவளை நாக்கின் நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்னது. மிஞ்சுவது வெறும் குழாய். மேலிருந்து புது இழை அதற்குள் இறங்கி வர வேண்டும்.

கவிதா: குழாய்க்குள் பழைய இழையின் குப்பை கிடக்கிறதே, அதை அள்ளுவது அழற்சி செல்கள். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்து. நேரம் தப்பிப் போட்டால், துப்புரவுக்கு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாதிரி.

கார்த்தி: அப்போ ஸ்டீராய்டு வில்லன். முடிந்தது.

கவிதா: அவசரப்படாதே டா. தைத்த இடத்தில் தழும்பு கெட்டியாகி, நரம்பைத் தசைநாரோடு ஒட்டவைத்துவிடுவதும் உண்டு. அதைக் குறைக்க ஸ்டீராய்டு உதவுமா என்று எலிகளின் சயாட்டிக் நரம்பில் (பின்னங்காலுக்குப் போகும் பெரிய நரம்பு) நிறையப் பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் தழும்பு குறைந்து நரம்பு நன்றாக வந்தது, சிலவற்றில் ஒன்றும் பெரிதாக இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாளில் என்பதைப் பொறுத்து மாறுகிறது. தைத்த நரம்புக்கு மனிதர்களிடம் இது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

கவிதா: அப்புறம், மருந்து நரம்பைச் சுற்றி இறங்குவது வேறு, நரம்புக்குள் இறங்குவது வேறு. 1982-இல் வந்த எலி ஆய்வில், உள்ளே போன ட்ரையாம்சினலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டுகள் இழைகளை மோசமாகச் சிதைத்தன. டெக்ஸாமெத்தசோன்தான் குறைவாகக் கெடுத்தது. தைத்த டாக்டரைக் கேட்காமல் வேறு எங்கும் போய்ப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சித்தி: இவருக்குச் சர்க்கரை வேறு.

கவிதா: ஆமாம் சித்தி, ஊசிக்குப் பிறகு சில நாள் ஏறும். போட்ட இடத்தில் தோல் மெலிந்து வெளுப்பதும் உண்டு.

சித்தப்பா: சரி, நான் சும்மா உட்கார்ந்திருக்கவா?

கவிதா: விரல் பக்கத்திலிருந்து தழும்பை நோக்கி லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே தட்டினால் விரலுக்குள் சுரீர் என்று ஓடுகிறதோ, அங்கே பேனாவால் ஒரு புள்ளி.

[மதியம் 12:58]
சித்தப்பா: உள்ளங்கையில்! ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், தழும்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர். போன மாதம் டாக்டர் தட்டியபோது தழும்பின் மேலேயே இருந்தது.

கவிதா: சுரீர் என்பது புது இழையின் நுனி. அப்படியென்றால் இழை நகர்கிறது சித்தப்பா. நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். விரல்நுனிக்கு இன்னும் 15 சென்டிமீட்டராவது இருக்கும்.

கார்த்தி: ஐந்து மாதம்!

கவிதா: கூடவும் ஆகலாம். அதுவரை சூடான பாத்திரத்தை அந்தக் கையால் தொடாதீர்கள். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: புள்ளி குளித்தால் அழிந்துவிடும். ஸ்கேலோடு சேர்த்து போட்டோ எடுத்து வைத்துவிட்டேன்.