ஏசி போட்டதும் ஈரச்சாக்கு நாற்றம், ஃபில்டர் மாற்றியும் போகவில்லை

வேளச்சேரி வாசி:
2015 மாடல் பெட்ரோல் கார், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஏசி போட்டதும் முதல் இரண்டு நிமிடம், நனைந்து காயாத சாக்கு மாதிரி ஒரு நாற்றம். அப்புறம் குறைந்துவிடும். போன மாதம் சர்வீஸில் ஏசி சுத்தம் என்று 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏதோ ஸ்ப்ரே அடித்தார்கள். பத்து நாள் எலுமிச்சை வாசம். அதற்கப்புறம் எலுமிச்சை பிழிந்த சாக்கு வாசம். கேபின் ஃபில்டரை நானே மாற்றிவிட்டேன். பின்சீட்டில் மகள் ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். டாஷ்போர்டை இறக்கி கூலிங் காயிலைக் கழற்ற வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்கிறார் ஒரு மெக்கானிக். வேறு வழி உண்டா?

டீசல் மாமா:
எலி செத்துக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு ப்ளோயருக்குள்ளேயே கூடு கட்டியிருந்தது.

வேளச்சேரி வாசி:
பார்த்துவிட்டேன் மாமா. அந்த நாற்றம் எனக்குத் தெரியும், இது வேறு.

கூலிங் காயில்:
ஏசி வேலையில் இருக்கிறேன். எலியாக இருந்தால் ஃபேன் ஓடுகிற நேரமெல்லாம் நாறும். போட்டவுடன் மட்டும் வந்து குறைகிறது என்றால் காயிலில் தங்கிய ஈரமும் அதில் வளர்ந்த பூஞ்சையும்தான். சில்லென்ற காயிலில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகி, ஒரு சின்ன ட்யூப் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் கொஞ்சநஞ்சமாக இல்லை, நின்ற இடத்தில் தரை நனையும். உங்கள் காரில் சொட்டுகிறதா? காலடி மேட்டைத் தூக்கிக் கார்பெட்டையும் தொட்டுப் பாருங்கள். காயிலைக் கழற்றுவதெல்லாம் அப்புறம்.

வேளச்சேரி வாசி:
இருபது நிமிடம் ஏசி ஓடவிட்டு நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. முன்பக்கம் இடது சீட்டின் கார்பெட் சொதசொதவென்று இருக்கிறது! மழைத்தண்ணீராக இருக்குமோ?

கூலிங் காயில்:
மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று? விரலில் தொட்டு மோந்து பாருங்கள். பிசுபிசுப்பாக, இனிப்பு வாசத்தோடு இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்; ஹீட்டர் காயில் ஒழுகுகிறது என்று பொருள், அது வேறு வைத்தியம். வெறும் தண்ணீர் என்றால் நான் சொன்ன அந்தத் தண்ணீர் வடியும் ட்யூப் (ட்ரெயின் ட்யூப்) அடைத்திருக்கிறது. மரத்தடியில் நிறுத்துகிறீர்களா?

வேளச்சேரி வாசி:
வேப்பமரம். வெறும் தண்ணீர்தான். மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது.

கூலிங் காயில்:
சரியாகப் போயிற்று. வைப்பர் அடியில் இருக்கும் சல்லடை வழியாகச் சருகும் பூவும் இறங்கி ஃபில்டர் மேல் உட்காரும். ஃபில்டரை வெடுக்கென்று உருவினால் அந்தக் குப்பை உள்ளே கொட்டும். ஸ்ப்ரே அடித்தவர்கள் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்கள்.

காரை லிஃப்டில் ஏற்றி, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் அந்த ட்யூப் நுனியைத் தேடச் சொல்லுங்கள். வளையும் நைலான் குச்சியால் மெதுவாகக் குத்தினால் போதும். கூரான கம்பி வேண்டாம், காயிலில் பட்டால் ஓட்டை. கீழிருந்து கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் ஊதவும் விடாதீர்கள், அழுக்கெல்லாம் மேலே ஏறும். வழி திறந்த பிறகுதான் காயிலுக்கு ஃபோம் க்ளீனர். அடைப்போடு அடித்தால் நுரை காருக்குள் வரும்.

திருச்சி ஸ்டெப்னி:
நான் வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுவேன், வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்து. காயில் காய்ந்துவிடும். கொஞ்சம் வியர்க்கும், நாறாது.

டீசல் மாமா:
மே மாதத்தில் என் வீட்டம்மா முன்னால் இதைச் செய்து காட்டுங்கள் தம்பி.

வேளச்சேரி வாசி:
இன்று பார்த்தாயிற்று. குச்சி நுழைந்ததும் கால் பக்கெட் காப்பித் தண்ணீர், கூடவே வேப்பங்காம்பும் சேறும். பக்கத்துத் தெரு மெக்கானிக் 300 ரூபாய் வாங்கினார். இப்போது அடியில் ஜோராகச் சொட்டுகிறது. நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது, ஆனால் கதவைத் திறந்ததும் இன்னும் லேசாக அடிக்கிறது.

கூலிங் காயில்:
அது கார்பெட். மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் தடிப்பாக ஒரு பஞ்சு இருக்கும். அதை அமுக்கிப் பாருங்கள்.

வேளச்சேரி வாசி:
அமுக்கினேன். தண்ணீர் பொங்கி வருகிறது. சீட்டைக் கழற்றிக் கார்பெட்டை மொட்டைமாடியில் விரித்திருக்கிறேன். காயிலுக்கு ஃபோம் க்ளீனர் அடுத்த ஞாயிறு.