இடுப்பு முறிந்த பிறகு நடந்த கதை: உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

உப்புவெளி மகள்:

அம்மாவுக்கு 72 வயது. மார்கழி மழையில் பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்கி இடப்பக்கமாக விழுந்தார். எழும்ப முடியவில்லை. இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மாமி, "முறிவு நெரிவு பரியாரியைக் கூப்பிட்டு மூலிகைப் பத்துப் போடுவோம்" என்றார். மணிக்கட்டு என்றால் நானும் சரி என்றிருப்பேன். அந்தக் காலைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை.

எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தது. விலகினால் எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது செத்துவிடலாம் என்று சொல்லி, அதை எடுத்துவிட்டு உலோகத் தலை வைத்தார்கள்.

மறுநாள் காலையே பிசியோ மிஸ் வந்து, "அம்மா, எழும்புவோமா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெட்டித் தைத்து ஒரு நாள் ஆகவில்லை! மிஸ் பொறுமையாகச் சொன்னார்: படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், கெண்டைக்காலில் இரத்தம் உறையும். அன்று அம்மா வோக்கரைப் பிடித்து நாலு அடி வைத்தார். அழுதது நான்தான்.

உண்மையான சிக்கல் வீட்டில் தொடங்கியது. மூன்று விஷயங்களைச் செய்யவே கூடாது என்றார்கள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, கால் மேல் கால் போடுவது, அந்தக் காலை உள்பக்கம் திருப்புவது. எங்கள் வீட்டிலோ எல்லாம் தாழ்வு. குந்தும் கக்கூஸ், சாப்பிடப் பலகைக்கட்டை, தேங்காய் துருவத் தரையில் உட்காரும் துருவலை. கட்டிலின் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினோம். கொமோட் கதிரை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். துருவலையை ஒளித்து வைத்தேன். அதற்காக இரண்டு நாள் அம்மா என்னோடு கதைக்கவில்லை.

மூன்று மாதத்தில் நோ இல்லை, ஆனால் நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வயது போனால் இப்படித்தான் என்று விட்டிருந்தோம். கிளினிக்கில் மிஸ் பார்த்தவுடன், "பொல்லு ஏன் இடது கையில்?" என்றார். நோக்காலுக்கு எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டுமாம்! இவ்வளவு நாளும் யாரும் கவனிக்கவில்லை. சாய்வுக்குக் காரணம் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனப்பட்டதுதான். வெறுமனே நடந்தால் மட்டும் அது திரும்பாது. குசினிக் கட்டைப் பிடித்து நேராக நின்று, காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்க வேண்டும். பத்துத் தடவை, மூன்று சுற்று. "நாய் கால் தூக்கிற மாதிரி இருக்குது" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்வார். செய்தாரே, அது போதும்.

கிண்ணியா நானா:

உம்மாவுக்கு முறிவு கொஞ்சம் கீழே. தலையை எடுக்கவில்லை, தகடும் ஆணியும் வைத்தார்கள். அதனால் தங்கச்சி சொன்ன கட்டுப்பாடுகள் எங்களுக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் உம்மாவின் கவலை வேறு: நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்ய முடியாதே என்று. கதிரையில் இருந்து தொழுதார். பிசியோ அதைக் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கதிரையில் இருந்து கையூன்றாமல் ஐந்து தடவை எழும்பி இருங்கள்" என்றார். மருந்தை மறந்தாலும் உம்மா இதை மறக்கவில்லை.

பயம்தான் கடைசிவரை போகவில்லை. கால் தயார், உம்மா தயாரில்லை. அப்புறம்தான் விசாரித்தால், விழுந்த அன்று படியே தெரியவில்லையாம். கண்ணில் வெண்படலம்! அதை எடுத்த பிறகுதான் தனியே முற்றத்துக்கு இறங்கினார். விழுந்தவர்களின் கண்ணையும் காட்டுங்கள். எலும்பு மெலிந்து பலவீனமாகி விட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; நின்ற இடத்தில் விழுந்து இடுப்பு முறிவது சாதாரணமில்லை.

உவர்மலைத் தம்பி:

எனக்கு முறிவு இல்லை, ஃபுட்போலில் தொடையிடுக்குத் தசை இழுத்தது. நோ குறைந்ததும் இரண்டாவது கிழமையே விளையாட இறங்கினேன், திரும்பவும் இழுத்தது. பிறகு முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து நெரிக்கும் பயிற்சியில் இருந்து ஆரம்பம். மணலில் ஓடுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஒரு கேள்வி அக்கா: கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் இடுப்பு நோ குறையும் என்கிறார்களே, அம்மாவைக் கூட்டிப் போனீர்களா?

உப்புவெளி மகள்:

தம்பி, காயம் ஆறும் முன்பே மாமியும் இதைத்தான் சொன்னார். தையல் பிரித்து, தோல் முழுதாக மூடும்வரை நனைக்கவே வேண்டாம் என்று மிஸ் மறித்துவிட்டார். சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். தசைக்குப் பலம் வராது.

எட்டாம் மாதம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலால் ஓட்டோவில் ஏறி, படிகளை மட்டும் அம்மா நடந்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோக்கால் முதலில். வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினார், தேவாரம் என்று நினைத்திருப்பார்கள்.

வரும் வழியில், கன்னியாவுக்கும் ஒருநாள் போவோமா என்று கேட்டேன். அங்கே எத்தனை கிணறு என்றார். ஏழு என்றேன்.

"ஒரு கிணற்றடியே போதும் பிள்ளை."